இரண்டரை டன்னுக்குள் ஒரு தீயணைப்பு வண்டி

அமெரிக்க ராணுவத்தின் எம்35 லாரிக்கு ‘இரண்டரை டன் வண்டி’ என்று பெயர். அது வண்டியின் எடை அல்ல; சாலையில்லாத கரடுமுரடான நிலத்தில் அது சுமப்பதற்கு அனுமதிக்கப்பட்ட பாரம். 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ. நல்ல சாலையில் இதைப்போல் இரு மடங்கு ஏற்றலாம். ராணுவம் கழித்துவிட்ட இந்த லாரியைத் தீயணைப்பு வண்டியாக மாற்றுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பின்பகுதியில் இடம் தாராளமாக இருப்பதால் 1,000 கேலன் தொட்டியைப் பொருத்தும் ஆசை எளிதில் வரும். 1,000 அமெரிக்க கேலன் என்றால் 3,785 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் தண்ணீர் மட்டுமே 3,785 கிலோ. தொட்டி, பம்பு, குழாய்கள், ஆட்கள் எதையும் சேர்க்காமலே வரம்பு ஒன்றரை டன் தாண்டிவிடுகிறது. சாலைக்குரிய பாரக் கணக்கைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. புல்வெளித் தீ சாலையில் எரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. ராணுவத்தில் இந்த லாரி சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். தீயணைப்பு வண்டியோ அழைப்புக்காகக் காத்து நிற்கும்போதும் முழுப் பாரத்தோடு நிற்கிறது. ஸ்பிரிங் பட்டைகளுக்கும் டயர்களுக்கும் ஓய்வே இல்லை.

அதைவிடக் கடினமானது தண்ணீரின் அசைவு. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே அப்பட்டமான இயற்பியல். நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு நகர இடமில்லை. பாதி காலியான தொட்டியில், வண்டி வளைவில் திரும்பும்போது நீர் முழுவதும் ஒரு பக்கமாக ஓடுகிறது. வண்டி சாயச் சாய எடையும் சாயும் பக்கமே சேர்கிறது. இந்த லாரிகளின் அடிச்சட்டம் ஏற்கெனவே தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருப்பதால் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. எனவே தொட்டிக்குள் நெடுக்கும் குறுக்குமாகத் துளையிட்ட தடுப்புத் தகடுகளை வைத்துச் சிறு அறைகளாகப் பிரிக்கிறார்கள். துளைகள் வழியே நீர் மெல்லக் கடக்கும். அலையாகத் திரண்டு மோதாது. தொட்டி எவ்வளவு தாழ்வாக உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. தடுப்பு இல்லாத பழைய எண்ணெய்த் தொட்டியைத் தூக்கி வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் ராணுவ லாரி? அமெரிக்கக் கிராமப்புறங்களின் தீயணைப்புக் குழுக்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். புதிய வண்டி ஒன்றின் விலை அவர்களுக்கு எட்டாது. எல்லாச் சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் வண்டியோ அவர்களுக்குக் கட்டாயம் தேவை. இதற்கு இரண்டு அரசுத் திட்டங்கள் வழி செய்கின்றன. ஒன்றில் வண்டி கடைசி வரை மத்திய அரசின் உடைமை. அமெரிக்க வனச் சேவை அதை மாநில வனத்துறை வழியாகக் கடனாகத் தருகிறது. பாதுகாப்புத் துறையின் மற்றொரு திட்டத்தில், நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு உரிமையும் கைமாறக்கூடும். மிச்சிகன் மாநிலத்தின் ரோஸ்காமனில் 1972 முதல் இயங்கும் கருவி மையம் இத்தகைய மாற்றங்களுக்கு வரைபடங்களைத் தயாரித்து, சோதித்து, எல்லோருக்கும் வழங்கிவருகிறது. என் பார்வையில், தொட்டியின் அளவைத் தாமே ஊகிக்காமல் அந்த வரைபடங்களைப் பின்பற்றும் குழுவே புத்திசாலி.

2014 ஜூன் மாதம் இந்த வழி திடீரென அடைபட்டது. ராணுவ எஞ்சின்களுக்குப் புகை வரம்புகளிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு பெற்ற வண்டிகள் பொதுமக்கள் பயன்பாட்டுக்குப் போகக் கூடாது என்பது பழைய உடன்பாடு. அதைக் காட்டிப் பாதுகாப்புத் துறை வழங்கலை நிறுத்தியது. மாநிலங்கள் கடுமையாக எதிர்த்தன. ஜூலையிலேயே தடை நீங்கியது. நீங்கியது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆண்டில் சில நூறு மணி நேரம்கூட ஓடாத வண்டியின் புகையைவிடக் கட்டுக்கடங்காத காட்டுத் தீயின் புகை பெரிது.

பம்பு பொருத்துவதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கியர்பெட்டியிலிருந்து விசை எடுத்தால் பம்பின் வேகம் லாரி எஞ்சினின் வேகத்தோடு கட்டுண்டுவிடும். புல்வெளித் தீயிலோ எரிந்து முடிந்த பக்கமாக நடை வேகத்தில் ஊர்ந்தபடியே தீயின் விளிம்பில் நீர் பாய்ச்ச வேண்டும். மெதுவாகப் போனால் அழுத்தம் குறையும். அழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரையும். ஆகவே பலர் பம்புக்கெனத் தனிச் சிறு எஞ்சின் வைக்கிறார்கள்.

மின்சாரத்தில் ஒரு மறைமுக ஆபத்து இருக்கிறது. ராணுவ லாரிகள் 24 வோல்ட். வானொலி, விளக்குகள் போன்ற தீயணைப்புக் கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ட். தொடராக இணைந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்தால் வேலை நடக்கும். ஆனால் அந்த பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே போக, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கெடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி ஒன்றைப் பொருத்துவதே சரி.

பிரேக்கில் சிக்கனம் கூடவே கூடாது. எம்35ஏ2 வகையில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் எல்லாச் சக்கரங்களும் பிடியிழக்கும். அதற்குப் பிந்தைய ஐந்து டன் எம்939 வரிசையில் வேறு சிக்கல்: ஈரச் சாலையில் திடீரென மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். ராணுவமே அவற்றின் வேகத்தை மணிக்கு 40 மைலாகக் கட்டுப்படுத்தி, பிறகு பூட்டாத பிரேக் அமைப்பைப் பொருத்தத் தொடங்கியது. கையில் வரும் வண்டிக்கு அந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு குழுவும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பச்சை வண்ணத்தை மாற்றிச் சிவப்பு அடிக்கும் வேலை அதற்குப் பிறகு இருக்கட்டும்.