ஐஎஸ்எஸ்என் இருந்தால் அது நல்ல ஆய்விதழா?

போன வியாழக்கிழமை மாலை, நூலகத்தை மூடப்போகும் நேரத்தில் ஓர் ஆசிரியை வந்தார். அரசுப் பள்ளியில் வேலை. கல்வியியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னங்களைக் கூட்டும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று இரண்டு வருடம் வகுப்பறையிலேயே உட்கார்ந்து கவனித்தவர். அந்த உழைப்பை வாட்ஸ்அப்பில் வந்த ஓர் இணைப்பை நம்பி, 4,500 ரூபாய் கட்டி, ஓர் ஆய்விதழில் போட்டுவிட்டார். மூன்றாம் நாளே வெளிவந்துவிட்டது. ஆய்வுக் குழு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. “ஐஎஸ்எஸ்என் எல்லாம் இருக்கே சார்” என்று போனைக் காட்டினார். இந்தக் கல்வியாண்டில் இதே வார்த்தையை என்னிடம் சொன்ன ஆறாவது ஆள் அவர்.

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். ஐஎஸ்எஸ்என் என்பது தர முத்திரை அல்ல. தொடர்ந்து வெளிவரும் ஒரு வெளியீட்டை இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கும் எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாது. ‘தி இந்து’ நாளிதழுக்கும் ஐஎஸ்எஸ்என் உண்டு. அதற்காக அதை யாரும் ஆய்விதழ் என்பதில்லை. எண் கொடுப்பவர்கள் கட்டுரைகளின் தரத்தை மதிப்பிடுவதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. டிஓஐ எண்ணும் இப்படித்தான். கட்டுரை இணையத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும். அது சரியா தவறா என்று சொல்லாது.

நூலகத்தில் என் மேசைக்கு வரும் ஆய்வுகளைப் பார்த்தால் எனக்கே பிரமிப்பாக இருக்கும். ஒருவர் புதிய சேர்மத்தின் படிக அமைப்பைக் கண்டறிந்திருப்பார். இன்னொருவர் சாம்பல் கலந்த கான்கிரீட்டை உடைத்துப் பார்த்திருப்பார். அடுத்தவர் வகுப்பறையில் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்திருப்பார். மூன்றுக்கும் சோதனை வேறு வேறு. கட்டுரையை வெளியிடும் முன் படித்துச் சரிபார்ப்பவர்தான் மதிப்பாய்வாளர். வேதியியல் மதிப்பாய்வாளர், படிகத் தரவைக் கேம்பிரிட்ஜ் தரவகத்தில் பதிந்தீர்களா என்பார். கட்டுமானப் பொறியாளர், எத்தனை மாதிரிகள், அவற்றை எத்தனை நாள் ஈரத்தில் வைத்து இறுகவிட்டீர்கள் என்பார். கல்வியியலாளர், வினாத்தாளின் நம்பகத்தன்மையை எப்படிச் சரிபார்த்தீர்கள், பெற்றோரிடம் அனுமதி வாங்கினீர்களா என்பார். கணினி அறிவியலிலோ பல பிரிவுகளில் ஆய்விதழைவிட மாநாட்டுக் கட்டுரைக்கே மதிப்பு அதிகம். சரி, இந்த எல்லாத் துறைகளையும் ஒரே இதழில், மூன்றே நாளில் வெளியிடுகிறவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டது யார்?

பல துறைகளை வெளியிடும் நல்ல இதழ்களும் உண்டு. பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் ‘கரன்ட் சயன்ஸ்’ இருக்கிறது. அங்கே உங்கள் கட்டுரை அந்தந்தத் துறை தெரிந்தவரிடம் போகும், நாளும் எடுக்கும்.

2013இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜான் போஹானன் என்பவர், வேண்டுமென்றே பெரிய பிழைகளை வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நம் ஊரில் 2018 மே மாதம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதற்குப் பதிலாகப் பின்னால் வந்த யுஜிசியின் ‘கேர்’ இதழ்ப் பட்டியலும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கு ஒரு விளம்பரத்தில் ‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற இதழ்’ என்று பார்த்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று ஓர் இதழ் சொன்னால் அதையும் அப்படியே நம்பாதீர்கள். ஸ்கோபஸ் தளத்துக்கே போய் இதழின் பெயரைத் தேடிப் பாருங்கள்; எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பாதியில் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையைச் சொல்லியே பணம் வாங்குகின்றன. நல்ல இதழ்களின் பெயரில் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு. அதனால் வாட்ஸ்அப் இணைப்பு வழியாகப் போகவே போகாதீர்கள். ஆசிரியர் குழுவில் ஒருவரைப் பிடித்து, அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாத பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டாயம் பேப்பர் போட வேண்டும் என்பதை யுஜிசி 2022 விதிமுறைகளிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம். அப்படியானால் எத்தனை, எந்த வகை என்று விதியைப் படித்துவிட்டு ஓடுங்கள். சீனியர் சொன்னார் என்று ஓடாதீர்கள். நெறியாளர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். “எங்கேயாவது ஒன்று போட்டுவிடம்மா” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ‘எங்கேயாவது’தான் பிள்ளைகளை இங்கே கொண்டு வந்து விடுகிறது.

போனது 4,500 ரூபாய் மட்டும் அல்ல. ஒரு முறை வெளிவந்த கட்டுரையை நல்ல இதழ் எதுவும் மறுபடி வாங்காது. திரும்பப் பெறலாம் என்றால், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டவே கட்டாதீர்கள் என்றுதான் அந்த ஆசிரியையிடம் சொன்னேன்.

அவரிடம் இன்னும் எழுதாத வகுப்பறைக் குறிப்புகள் இரண்டு நோட்டு நிறைய இருக்கின்றன. வரும் சனிக்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறார். கணிதக் கல்விக்கென்றே வரும் இதழ்கள் சிலவற்றைத் தேடி வைத்திருக்கிறேன். நீங்களும் பணம் கட்டும் முன் அந்த இணைப்போடு உங்கள் நூலகரிடம் போங்கள். பத்து நிமிட வேலைதான்.