சத்துக் குறைவால் கொட்டும் முடி அரிப்பதில்லை

உதிர்ந்த முடியைப் பழைய செய்தித்தாளில் மடித்தோ பிளாஸ்டிக் உறையில் போட்டோ கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பவர்கள் பலர். பெரும்பாலும் பெண்கள். "தலை ஒரே அரிப்பு டாக்டர், முடியும் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. சத்துக் குறைவுதானே?" என்பார்கள். அரிப்பு, சாப்பாடு, முடி உதிர்வு ஆகிய மூன்றும் ஒரே நோய் என்ற முடிவோடு வருகிறார்கள். சிலர் அந்த முடிவின்படியே ஆறு மாதம் சத்து மாத்திரையும் சாப்பிட்டிருப்பார்கள். அரிப்பு அப்படியே இருக்கும்.

தோல் மருத்துவராக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்துக் குறைவால் உதிரும் முடி பெரும்பாலும் எந்த அரிப்பும் எரிச்சலும் இல்லாமல்தான் உதிரும். அரிப்பு என்பது அநேகமாகத் தலைத்தோலின் பிரச்சினை. அது தனியாக நின்று தலையைச் சொட்டையாக்குவது அரிது. இரண்டும் ஒரே தலையில் ஒரே சமயத்தில் இருக்கலாம், அடிக்கடி இருக்கவும் செய்கின்றன. ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு, தாமதித்தால் போன முடி திரும்பவே வராத வகை. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு முடியின் நுனியையும் வெளிச்சத்தில் பார்ப்பேன். ஒரு முனையில் கடுகை விடச் சிறிய வெள்ளைப் புள்ளி இருக்கும். "வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது" என்று பலர் அழுதுவிடுவதே அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான். உண்மையில் அது வேர் அல்ல. வளர்ச்சியை முடித்துக்கொண்டு ஓய்வுக்குப் போன முடியின் அடிக்கட்டை. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை அங்கிருந்து முளைக்க வைக்கும். புள்ளியே இல்லாமல் இருபுறமும் ஒடிந்த துண்டுகளாக இருந்தால் அது உதிர்வு அல்ல, முறிவு. சாயம், முடியை நேராக்கும் சிகிச்சை, ஈரத் தலையை இழுத்து வாருவது ஆகியவை அதற்குக் காரணம். போர்வெல் உப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அது முடியைச் சொரசொரப்பாக்கலாம், ஒடியவும் வைக்கலாம். மயிர்க்காலை அது தொடுவதில்லை.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்களில் சுருங்கி, பிறகு மூன்று மாதம்போல ஓய்வில் இருந்து உதிர்கிறது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி போவது இயல்பு. வாரம் ஒரு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு, அத்தனை நாளும் பின்னலில் சிக்கியிருந்தவை எல்லாம் அன்று ஒரேயடியாக வரும். குளியலறை வடிகாலைப் பார்த்து நெஞ்சு படபடக்கத் தேவையில்லை.

அந்த மூன்று மாத ஓய்வுதான் உணவைப் பற்றிய கேள்விக்கும் திறவுகோல். உடலுக்கு ஓர் அதிர்ச்சி ஏற்பட்டால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. எனவே "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று நான் கேட்பதில்லை. "மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?" என்றே கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் டெங்குக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் மாசி, பங்குனியில் வருவார்கள். காய்ச்சலையே மறந்திருப்பார்கள். அறுவை சிகிச்சை, டைபாய்டு, கல்யாணத்துக்குமுன் பட்டினி கிடந்து எடையைச் சடசடவென்று குறைத்தது ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். குழந்தை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை முகம் பார்ப்பதும் அந்த மூன்றாம் மாதத்தில்தான். காலக் கணக்கைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். காரணம் குழந்தையின் பார்வை இல்லை, பிரசவத்துக்குப் பின் ஹார்மோன் இறங்குவது. அந்த நேரத்தில் பத்தியம் என்று கீரையையும் முட்டையையும் நிறுத்திவைப்பது மட்டும் தாய்க்குச் செய்யும் அநியாயம். இந்த வகை உதிர்வு, காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும்.

அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால்தான் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும். அங்கே நான் முதலில் தேடுவது இரும்புச்சத்தை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹீமோகுளோபின் டப்பாவில் இருக்கும் அரிசி என்றால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூட்டையில் இருக்கும் அரிசி. டப்பா நிறைந்திருக்கும்போதே மூட்டை காலியாகியிருக்கலாம். பரிசோதனைக்கூடத்தின் தாளில் ஃபெரிட்டின் 15 என்று இருந்து, பக்கத்திலேயே இயல்பு என்றும் அச்சாகியிருக்கும். முடி தொடர்ந்து உதிரும் பெண்ணுக்கு அது 30-க்குக் கீழே இருந்தாலே நான் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உடல் நலமாக இருக்கும் நாளில் இரத்தம் கொடுப்பது நல்லது.

முருங்கைக்கீரை சாப்பிடுகிறேனே என்பார்கள். சாப்பிடட்டும். ஆனால் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டம்ளர் டீ குடித்தால், அதிலுள்ள டானின் கீரையின் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். அதே கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் உள்ளவருக்கு எந்தக் கீரையும் ஈடுகட்டாது. போக்கைச் சரிசெய்யாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பதில் பயனில்லை. கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் கணவரை வெளியே அனுப்பிய பிறகு.

அடுத்தது புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம் புரதம் தேவை. காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதத்தோடு ஒரு பொரியல், இரவு இரண்டு தோசை என்பது நம் ஊரில் மிகச் சாதாரணமான ஒரு நாள். ஓர் இட்லியில் இரண்டு கிராம் புரதம் இருந்தால் அதிகம். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணுக்குச் சாம்பாரின் அடியில் பருப்பு மிச்சமிருக்காது. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்து கிராமுக்குக் குறையாது. விலையுயர்ந்த புரதப் பொடி தேவையில்லை. சுண்டலைக் கோயில் பிரசாதத்தோடு நிறுத்தாமல் மாலையில் வீட்டிலும் அவித்தாலே போதும். பாலும் முட்டையும் அதிகம் சேர்க்காத சைவர்களுக்கு பி12 பார்ப்பேன். தைராய்டும் பார்ப்பேன்.

பயோட்டின் என்ற வைட்டமின் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். முடிக்கென்று விற்கும் மாத்திரை, மிட்டாய், பொடி எல்லாவற்றிலும் அதுதான். ஆனால் உண்மையான பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அதைக் கொடுத்தால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் சாப்பிடுபவரின் இரத்தத்தில் தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் தவறான முடிவு காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ஆம் ஆண்டிலேயே இதை எச்சரித்தது. இரத்தம் கொடுக்குமுன் பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியை உதிரச் செய்யும். சத்து மாத்திரைதானே என்று இரண்டு மூன்று வகையை ஒன்றாக விழுங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி அரிப்பு. நான் பார்க்கும் தலை அரிப்பில் பெரும்பங்கு பொடுகுதான். எல்லோருடைய தலையிலும் வாழும் மலசீசியா என்ற ஒருவகைப் பூஞ்சை, தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசையைத் தின்று பெருகும்போது சிலருடைய தோல் அதைத் தாங்காமல் செதிலாக உரிகிறது. தோல் வறண்டுவிட்டது என்று நினைத்து நாம் அதன்மேல் இன்னும் எண்ணெய் தடவுகிறோம். தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்கு நல்லது, முறிவைக் குறைக்கும். பொடுகுள்ள தோலுக்கு அது தீனி. இரவு முழுக்க எண்ணெயை ஊறவைத்துத் தலையணையையும் நனைப்பவர்களிடம், அரிப்பு அடங்கும்வரை நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. சாதாரணப் பொடுகுக்கு இரண்டு சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இருமுறை, நான்கு வாரம் போதும். ஆனால் அதைப் போட்டவுடன் அலசிவிடக் கூடாது. முடியில் அல்ல, தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட வேண்டும்.

இரண்டு பிரச்சினைகளும் ஒன்றையொன்று வளர்ப்பது இந்த இடத்தில்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி அம்மாவோடு வந்திருந்தாள். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் பாதி டப்பா. குளித்தால் முடி கொட்டுகிறது என்று பயந்து, தலைக்குக் குளிப்பதையே பத்து நாளைக்கு ஒரு முறை என்று ஆக்கியிருந்தாள். வகிட்டை விலக்கினால் மஞ்சள் நிறச் செதில் பக்குப்பக்காக ஒட்டியிருந்தது. ஃபெரிட்டினும் மிகக் குறைவு. முடி கொட்டியது இரும்புச்சத்துக் குறைவால். அரிப்பு வந்தது குளிக்காததால் ஏறிய பொடுகால். "உடம்பில் சூடு ஏறிவிட்டது, அதனால்தான் இரண்டும்" என்றார் அம்மா. "அப்படி இல்லை அம்மா, தலைக்கு ஷாம்பு, உடம்புக்கு இரும்பு, இரண்டும் தனித்தனி வேலை" என்று இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அரிப்பு ஒரு மாதத்தில் நின்றது. முடி தேறியதைப் பார்க்க அதைவிட அதிக மாதங்கள் பொறுக்க வேண்டியிருந்தது. இரும்புக்கும் முடிக்கும் அது இயல்பான வேகம்.

பள்ளி செல்லும் பெண் குழந்தை பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் சொறிந்தால் முதலில் ஈர் இருக்கிறதா என்று பாருங்கள். சாயம் போட்ட ஓரிரு நாளில் நெற்றி விளிம்பு, காது, கழுத்து ஆகிய இடங்களில் அரித்துத் தடித்தால் அது சாய ஒவ்வாமை. கறுப்பு மருதாணி என்று விற்பவற்றிலும், சாயத்தில் ஒவ்வாமை தரும் அதே ரசாயனம் இருக்கலாம். அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும் என்பதால் அந்தச் சாயத்தை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

அரிப்பே முடியைக் கொண்டுபோகும் நோய்களுக்கு வருகிறேன். குழந்தையின் தலையில் வட்டமாகச் செதிலோடு முடி ஒடிந்து, கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது தலைப் படர்தாமரையாக இருக்கக்கூடும். களிம்பு அதற்குப் போதாது. வாரக்கணக்கில் வாய்வழி மருந்து வேண்டும். ஒரே சீப்பைப் பகிரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை தலைகளையும் பார்க்க வேண்டும். எரிச்சலோ அரிப்போ இல்லாமல் வழவழப்பாக வட்டமாகப் போகும் புழுவெட்டு வேறு நோய். அதன்மேல் பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

பெரியவர்களுக்கு, குறிப்பாக நடுத்தர வயதுப் பெண்களுக்கு, உச்சந்தலையில் ஓரிடத்தில் அரிப்போடு எரிச்சலும் தொட்டால் வலியும் இருந்து, அங்கே முடி குறைந்து தோல் பளபளப்பாகிவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். மயிர்க்காலைச் சுற்றி அழற்சி ஏற்பட்டு அதைத் தழும்பாக்கிவிடும் நோய்கள் இப்படித்தான் தொடங்கும். டெர்மோஸ்கோப் என்ற தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்தால் முடி வெளிவரும் துளைகளே காணாமல் போயிருக்கும். அந்தத் துளை மூடிய இடத்தில் எந்தச் சத்தும் எந்த எண்ணெயும் முடியைத் திரும்பக் கொண்டுவராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை. பொடுகு என்று ஓராண்டு ஷாம்பு போட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

மருத்துவரிடம் போகும் அன்று தலையில் எண்ணெயோ கறுப்புப் பொடியோ இருக்கக் கூடாது. செதிலும் துளையும் மறைந்துவிடும். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், தொடங்கிய மாத்திரை, குறைத்த எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடிப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள், நுனியைப் பார்க்க அது உதவும். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். இரத்தம் பார்க்காமல் நீங்களாகவே வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணு உள்ளவருக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தாலும் இரும்பு போதுமான அளவில் இருக்கக்கூடும். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்த்து, அதன் பிறகே மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வோம்.