வாஸர்ரெகால்: வேந்தர் நீருரிமை

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில், மேல் ஹார்ட்ஸ் என்கிற பகுதியில் இருக்கும் பழைய ஏரிகள், கால்வாய்கள், மலையைக் குடைந்து போட்ட நீர்வழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: 'ஓபர்ஹார்ட்ஸர் வாஸர்ரெகால்'. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

'வாஸர்' என்றால் தண்ணீர். இந்தப் பெயரைத் தமிழில் சொல்லப் போனால் சிக்கல் 'ரெகால்' என்பதில்தான். இன்றைய ஜெர்மனில் புத்தக அலமாரிக்கும் அதே சொல். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்தால் 'தண்ணீர் அலமாரி' என்று ஆகிவிடும்! அது வேறு சொல், இது வேறு. இந்த ரெகால், 'அரசனுக்குரியது' என்று பொருள்படும் லத்தீனின் 'ரெகாலிஸ்' வழி வந்தது. 1158இல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா இத்தாலியின் ரொன்காலியாவில் சபை கூட்டி, எவையெல்லாம் அரசனுக்கு உரியவை என்று பட்டியல் போட வைத்தார். கப்பல் ஓடும் ஆறுகள், சுங்கம், நாணயச் சாலை, வெள்ளிச் சுரங்கம் எல்லாம் அதில் உண்டு. அப்புறம் இந்த உரிமைகள் ஒவ்வொன்றாகச் சிற்றரசர்கள் கைக்குப் போயின. ஹார்ட்ஸில் அவற்றை வைத்திருந்தவர்கள் வெல்ஃப் குடும்பத்தின் பிரௌன்ஷ்வைக் கோமகன்கள் (டியூக்குகள்).

அவர்கள் கண் வெள்ளியின்மேல் இருந்தது. சுரங்கம் ஆழமாக ஆக, உள்ளே ஊற்று நீர் சேரும். அதை இறைக்கப் பம்பு வேண்டும், பம்பை ஓட்ட நீர்ச்சக்கரம் வேண்டும், சக்கரத்தைச் சுற்றவும் தண்ணீரே வேண்டும். மலை உச்சிப் பரப்பிலோ பெரிய ஆறு கிடையாது. அதனால் 16ஆம் நூற்றாண்டில் ஊர்களுக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட சுரங்கச் சலுகைப் பட்டயங்களிலேயே, ஓடும் நீரைச் சுரங்கத்துக்குத் திருப்பிக்கொள்ளும் உரிமையைக் கோமகன்கள் கொடுத்துவிட்டார்கள். ஒரே குடும்பம் என்றாலும் கிளைகளுக்குள் பங்கு தனித்தனி. கிளவுஸ்தால் ஒரு கிளைக்கு, செல்லர்ஃபெல்ட் இன்னொரு கிளைக்கு. நடுவே எல்லை, செல்பாக் என்ற சின்ன ஓடை. இரண்டு ஊர்களும் 1924இல்தான் ஒன்றாயின.

இப்படிச் சேர்ந்தவை 107 ஏரிகள், 310 கி.மீ. கால்வாய், 31 கி.மீ. நிலத்தடி நீர்வழி. 1715 முதல் 1722 வரை கட்டிய ஓடர்டைக் ஏரி சுமார் 17 லட்சம் கன மீட்டர் கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜெர்மனியின் மிகப் பெரிய அணை அதுதான். அந்த ஏரியைக் கட்டியபோது ஹனோவரை ஆண்ட வெல்ஃப் கோமகன், பிரிட்டனுக்கும் மன்னரான முதலாம் ஜார்ஜ்.

ஏரிகளின் அமைப்பைச் சொல்ல நாம் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. கரைக்கு அடியில் குடைந்த மரத்தைப் போட்டு, அதன் துளையை ஒரு கட்டையால் அடைத்து, நீண்ட கோலால் அந்தக் கட்டையைத் தூக்கித் தண்ணீர் விடுவார்கள். அவர்கள் 'ஷ்ட்ரீகல்' என்பார்கள். தமிழில் 'தூம்பு' என்றாலே போதும்.

சரி, ரெகாலுக்கு என்ன சொல்? 'அரசுரிமை' சரிவராது, அது பட்டத்துக்கு வரும் உரிமை. 'முடியுரிமை'க்கும் அதே சிக்கல். வாரிசற்ற சொத்தையும் சுங்கத்தையும் சேர்த்து 'வேந்தன் பொருள்' என்கிறது திருக்குறள் (756). பொதுவாக ரெகால் என்பதற்கு 'வேந்தர் உரிமை' எனலாம். வாஸர்ரெகால் 'வேந்தர் நீருரிமை'. கோமகன்கள் வேந்தர் இல்லையே என்றால், உரிமை முதலில் பேரரசருடையது என்பதால் அது பொருந்தவே செய்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உரிமைக்கு வைத்த பெயர் பிற்காலத்தில் கட்டுமானத்துக்கே ஆகிவந்துவிட்டது. பட்டயம், சட்டம் பற்றி எழுதும்போது 'வேந்தர் நீருரிமை'. 'வாஸர்ரெகாலைச் சுற்றிப் பார்த்தோம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மேல் ஹார்ட்ஸ் சுரங்க நீரமைப்பு' என்பதே சரி.