ஏறி இறங்கும் ஐட்லிங்: திருகாணியைத் தொடுவதற்கு முன்

மலேசியாவின் தாப்பாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில், 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவின் தலைமுறையைச் சேர்ந்த, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட கார்கள் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக உறுமி எழுவதும், அணைந்துவிடும்போலத் தணிவதும், மறுபடி எழுவதுமாக இருந்தால், பெரும்பாலோர் முதலில் ஐட்லிங் வேகத்தை, அதாவது மிதியை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, அமைக்கும் திருகாணியைத்தான் முறுக்குகிறார்கள். சத்தம் சற்று மாறும். கோளாறு அப்படியே இருக்கும்.

ஒன்றைத் திருத்த வரும் விளைவு காலம் தாழ்ந்து வந்தால், அது எல்லை கடந்து மறுபக்கம் போய்விடும். நீராவி எஞ்சின்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திய கவர்னர்கள் இப்படி அலைபாய்ந்ததை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868ஆம் ஆண்டிலேயே கணித முறையில் ஆராய்ந்தார். கார் எஞ்சினில் நடப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அலைவுதான்.

ஐட்லிங்கின்போது, காற்றின் வழியைத் திறந்து மூடும் கார்புரேட்டரின் திராட்டல் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால், அதன் கீழே கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் வெளியழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்த உறிஞ்சலே தகட்டின் விளிம்பருகிலுள்ள சிறு துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் சுமார் 14.7 பங்கு இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். எங்கேனும் ஒரு ரப்பர் குழாய் வெடித்து, கார்புரேட்டர் அளந்து தராத காற்று உள்ளே புகுந்தால் கலவை நீர்த்துப்போகும். சிலிண்டர்கள் சில சுற்றுகளில் பற்றாமல் விட, வேகம் விழும். வேகம் விழுந்தால் மேனிஃபோல்டின் அழுத்தம் உயர்ந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கலவை கூடுதலாகச் சேரும், முந்தைய சுற்றில் எரிந்து உள்ளே மிஞ்சிய புகையின் பங்கு குறையும். எனவே மறுபடி நன்றாகப் பற்றி வேகம் ஏறும். ஏறியதும் உறிஞ்சல் கூடி, கலவை அடர்த்தி இழந்து, பழைய நிலையே திரும்பும். மேனிஃபோல்டின் சுவரில் படலமாகப் படிந்துள்ள பெட்ரோல் தாமதமாக ஆவியாவது இந்த ஊசலாட்டத்திற்குத் துணைபோகிறது.

சாலையில் வேகமாகப் போகும்போது இந்தக் கோளாறு ஏன் மறைந்துவிடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் பாதியளவுக்குக் கீழே இருக்கும்வரை விரிசல் வழியே புகும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறாது. தகடு திறந்தால் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று பல மடங்காகும், உறிஞ்சலும் தளரும். அந்தச் சிறு கசிவு கணக்கில் வராமல் போய்விடுகிறது.

எரிபொருள் பீய்ச்சும் கார்களில் கதை சற்று வேறு. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்குக் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது பெட்ரோலை நிறுத்தி மிச்சப்படுத்தும் ஏற்பாடு அவற்றில் உண்டு. கசிவினால் ஐட்லிங் அளவுக்கு மீறி ஏறினால், கார் மலையிறங்குவதாகக் கணினி எண்ணிப் பெட்ரோலை நிறுத்துகிறது; வேகம் விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் கடிகாரம்போல ஒழுங்காக இருக்கும்.

அண்மையில் நண்பர் ஒருவரின் பழைய காரில் எஞ்சினின் உறிஞ்சலால் பிரேக் மிதிப்பை எளிதாக்கும் சேர்வோவுக்குப் போகும் குழாயைப் பார்த்தேன். மேலே பார்த்தால் குறையே இல்லை; கிளிப்பைத் தளர்த்தி வளைத்தபோதுதான், அதன் அடியில் நகக்கணு அளவுக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. பால்மரத்து ரப்பர் பெட்ரோலிலும் எண்ணெயிலும் ஊறி உப்பிவிடும் என்பதால் இத்தகைய குழாய்களுக்குச் செயற்கை ரப்பரையே பயன்படுத்துகிறார்கள். ஆயினும் ஆண்டுக்கணக்கான எஞ்சின் சூட்டில் அதுவும் இறுகி வெடிக்கத்தான் செய்கிறது. கசிவைத் தேட, ஓடும் எஞ்சினின் இணைப்புகளில் சோப்புநீரைத் தூரிகையால் தடவலாம். உறிஞ்சல் உள்நோக்கியதாக இருப்பதால் குமிழி வராது. நீர் உள்ளே இழுபட்டு ஒரு கணம் துளையை அடைக்க, எஞ்சினின் ஓசை மாறும். அந்த மாற்றத்தைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான எஞ்சின்மேல் அடிப்பதை நான் விரும்புவதில்லை. சோதனையைத் திறந்த வெளியில் செய்வதும் அவசியம். மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும்.

கசிவு தீர்ந்த பிறகே மிதியைத் தகட்டோடு இணைக்கும் கம்பிகளுக்கு வர வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையைச் செறிவாக்கும் சோக் முழுமையாக விலகியபின், ஏர்கோனை அணைத்துவிட்டு, எண்ணெய் மிதியின் கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது. இப்போது திராட்டல் நெம்புகோல் ஐட்லிங் திருகாணியின் முனையில் முழுமையாக அமர்ந்திருக்க வேண்டும். தகட்டைத் தாங்கும் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள்: தளர்ந்து ஆடினால் தகடு ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் நிற்கும், தண்டின் ஓரத்திலும் காற்று புகும், அந்நிலையில் எந்தத் திருகாணியாலும் பயனில்லை. தண்டு உறுதியாக இருந்தால் கார் கையேட்டிலுள்ள வேகத்தை அமைத்து, பிறகு கேபிளை ஓரிரு மில்லிமீட்டர் தளர்வோடு பூட்டலாம். கேபிளை இறுக்கமாகப் பூட்டினால் நெம்புகோல் திருகாணியில் அமராமல் தொங்கும். எஞ்சின் அதிரும்போதெல்லாம் தகடும் சேர்ந்து அசையும்.

ஏர்கோனுக்காக ஐட்லிங்கை உயர்த்தும், உறிஞ்சலால் இயங்கும் சிறு வேக்குவம் பெட்டியைக் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும்; அதன் உள்சவ்வு கிழிந்திருந்தால் அதுவே இன்னொரு கசிவு. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் மிதியைத் தரைவரை மிதிக்க, மற்றவர் கார்புரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால், தகடு செங்குத்தாக நிமிர்கிறதா என்பது தெரிந்துவிடும்.