சொன்ன சொல் பலிக்கும் நாடகம்: ‘ரோமியோவும் யூலியட்டும்’ படிப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பிலோ லண்டன் பரீட்சைக்காகவோ ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்துகின்ற எவருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும்: “இவ்வரியில் உருவகம் பயன்படுத்தப்பட்டுள்ளது, அது காதலின் ஆழத்தை எடுத்துக்காட்டுகிறது.” எந்த நாடகத்தின் எந்த வரிக்குக் கீழேயும் இதை எழுதிவிடலாம் என்பதால், புள்ளி கொடுக்க விரும்பும் பரீட்சகருக்கும் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரியூட்டரிகளில் கைமாறும் குறிப்புகள் அணிகளின் பெயரை ஒரு நிரலிலும் உதாரண வரியை மறு நிரலிலும் போட்டு, அத்துடன் இலக்கியம் முடிந்ததாகக் கணக்கு முடிக்கின்றன. அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அந்த அட்டவணையில் எது விடுபட்டிருக்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தில் ஒரு பாத்திரம் பேச்சுவாக்கில், கோபத்தில், விளையாட்டாக அல்லது பொய்யாகச் சொல்லும் அணிமொழி பின்னொரு காட்சியில் உண்மையான நிகழ்ச்சியாகப் பலித்துவிடுகிறது. வரியை அதன் இடத்திலிருந்து பிடுங்கி அட்டவணையில் வைத்தால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும். அணியும் நாடக உத்தியும் இங்கே இரண்டு பாடங்கள் அல்ல. முன்னது விதைத்ததைப் பின்னது அறுவடை செய்கிறது.

ரோமியோவின் நண்பன் மெர்க்கூஷியோவின் சாபத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில், வாள் பாய்ந்து சாகும் தறுவாயில், பகை கொண்ட ரோமியோவின் குடும்பத்தையும் யூலியட்டின் குடும்பத்தையும் சேர்த்து, “உங்கள் இரண்டு வீட்டிலும் கொள்ளைநோய் விழ!” என்று அவன் திரும்பத் திரும்பச் சபிக்கிறான். குறிப்புகள் இதைச் சாபம் என்றும் மீள்கூறல் என்றும் பெயரிட்டு அப்பால் போகின்றன. ஐந்தாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியிலோ, யூலியட் சாகவில்லை, மருந்தால் உறங்குகிறாள் என்று அறிவிக்கும் லாரன்ஸ் துறவியின் கடிதத்தை, நாடுகடத்தப்பட்ட ரோமியோ இருக்கும் மாந்துவா நகருக்குக் கொண்டுபோக வேண்டிய ஜோன் துறவி, கொள்ளைநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட வீடொன்றில் அகப்பட்டு, கதவு முத்திரையிடப்பட்டு, உள்ளேயே அடைபட்டுக் கிடந்ததாகச் சொல்கிறார். கடிதம் போய்ச் சேராததால்தான் ரோமியோ நஞ்சு வாங்குகிறான். சாபம் இரண்டு வீட்டிலும் விழுந்த வழி அதுதான். 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயினால் லண்டன் அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. அதற்குச் சற்றுப் பின்னர் எழுதப்பட்டது இந்த நாடகம். 2020இல் தனிமைப்படுத்தல் என்றால் என்னவென்று வீட்டுக்குள்ளிருந்தே கற்ற நம் பிள்ளைகளுக்கு இக்காட்சியை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

இதைவிட நுட்பமான இடம் மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சி. யூலியட்டின் மைத்துனன் ரைபோல்ட்டை ரோமியோ கொன்றுவிட்டான். அவள் அதே ரோமியோவை இரகசியமாக மணந்திருக்கிறாள். விடியற்காலையில்தான் அவன் சாளரம் வழியாக இறங்கிப் போயிருக்கிறான். மகள் ரைபோல்ட்டுக்காக அழுகிறாள் என்று தாய் நினைக்கிறாள். யூலியட்டின் பதிலை ஏறக்குறைய இப்படித் தமிழாக்கலாம்: “ரோமியோவைக் காணும்வரை எனக்கு ஆறுதல் இல்லை — செத்து — கிடக்கிறது என் நெஞ்சு, உறவினன் ஒருவன் பொருட்டு.” நடுவில் நிற்கும் அந்தச் ‘செத்து’ என்னும் சொல்லை முன்வாக்கியத்தோடு சேர்த்துக் கேட்கிறாள் தாய்; பின்வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்கிறாள் மகள். சபையில் இருப்பவர்களுக்கு இரண்டும் கேட்கிறது. இதைச் சிலேடை என்றும், பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருக்கும் நாடக முரண் என்றும் எழுதினால் பாதி விடைதான். மீதிப் பாதி கல்லறையில் இருக்கிறது. கண்விழிக்கும் யூலியட் ரோமியோவைச் செத்துக் கிடக்கவே காண்கிறாள். தாயை ஏமாற்றுவதற்காக அவள் மேலே பூசிய பொய்ப் பொருள்தான் பலித்தது. அதே உரையாடலில் மாந்துவாவுக்கு ஆளனுப்பி ரோமியோவுக்கு நஞ்சு வைப்பேன் என்று தாய் சொல்வதையும் அடிக்கோடிட்டு வையுங்கள். அவன் நஞ்சு வாங்குவது அதே மாந்துவாவில்தான்.

ஒரே அணி இருவர் வாயில் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் பழக வேண்டும். முதற் காட்சியில், யூலியட்டைச் சந்திக்குமுன், தான் அப்போது விரும்பிய ரொசலினை எண்ணிப் புலம்பும் ரோமியோ ஈய இறகு, ஒளிரும் புகை, குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம் என்று முரண்தொடர்களை அடுக்குகிறான். அக்காலக் காதற் கவிதைகளில் கிடந்த கையிருப்பு அது. ரொசலின் மேடைக்கு வந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் அங்கத்தில் யூலியட்டும் அழகிய கொடுங்கோலன், தேவதை போன்ற பேய், புறா இறகு போர்த்த காகம் என்று அடுக்குகிறாள். ஆனால் அவளுடைய கணவன் அவளுடைய மைத்துனனைக் கொன்றிருக்கிறான்; முரண் அவளுடைய வாழ்க்கைக்குள்ளேயே வந்துவிட்டது. செவிலித்தாய் ஒத்தூதி ரோமியோவைத் தூற்றத் தொடங்கியவுடன், “உன் நாக்குக் கொப்புளிக்க!” என்று யூலியட் சீறித் திரும்பும் வேகத்தில், அந்த அடுக்குத் தொடர்களை அவளே உதறிவிடுகிறாள். இரண்டையும் ‘முரண் அணி’ என்ற ஒரே பெட்டியில் போடும் குறிப்பு, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நல்லதொரு விடையைத் தட்டிப் பறிக்கிறது.

ஒளி பற்றிய உருவகங்களை எல்லோரும் எழுதுகிறார்கள். யூலியட் சூரியன் என்று ரோமியோ சொல்லும்போது, சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்து வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குக் காதலியைச் சூரியன் என்பது சற்று விசித்திரமாகத்தான் இருக்கும். முகத்தை மதியென்று பாடி வளர்ந்தவர்கள் நாம். அங்கே நிலா பொறாமை பிடித்ததாகிறது. நாள்தோறும் வடிவம் மாறும் நிலாவின் மீது சத்தியம் செய்யாதே என்று யூலியட்டும் தடுக்கிறாள். அக்காலப் பொது அரங்குகள் கூரையற்றவை. நாடகம் நடந்தது பகல் வெளிச்சத்தில். ஆகவே இரவும் விளக்கும் விண்மீனும் வசனத்தாலேயே உண்டாக்கப்பட வேண்டியிருந்தன. பிற்பாடு இந்த ஒளியே பகையாகிறது. வானம்பாடியா இராப்பாடியா கூவியது என்று பிரியும் நேரத்தில் இருவரும் வாதாடுவது, விடிந்தால் ரோமியோவின் உயிருக்கு ஆபத்து என்பதனால்.

முடிவை முன்னரே சொல்லிவிட்டால் சுவை கெடாதா என்ற கேள்வி தவறாமல் எழும். பதினான்கு அடிகள் கொண்ட முன்னுரை, இருவரும் சாவார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. காத்தவராயன் கூத்துக்குப் பாயோடு போய் விடியவிடிய இருந்தவர்கள் எவரும் கடைசியில் கழுமரம் வரும் என்று தெரியாமல் போனதில்லை. தெரிந்திருப்பதனால்தான் இடையிலுள்ள ஒவ்வொரு சொல்லும் கனக்கிறது. நடன விருந்தில் காதலர் இருவரும் மாறிமாறிப் பேசும் முதற் பேச்சும் அதே பதினான்கடிச் சொனெற் வடிவில்தான் அமைந்திருக்கிறது; அடுத்த சொனெற் தொடங்கும்போதே தாய் அழைப்பதாகச் செவிலி வந்து குறுக்கிடுகிறாள்.

நாடகத்தின் வேகமும் பலிக்கும் சொல்லோடு சேர்ந்ததே. மூலக்கதையாக அமைந்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையில் பல மாதம் ஓடும் கதையை, ஷேக்ஸ்பியர் ஞாயிறு தொடங்கி வியாழன் விடியலுக்குள் அடக்கிவிட்டார். விரைந்து ஓடுபவர் இடறுவர் என்று ரோமியோவுக்கு அறிவுரை சொன்ன லாரன்ஸ் துறவி, இறுதிக் காட்சியில் யூலியட் கண்விழிக்குமுன் போய்ச் சேர இடுகாட்டினூடாக விரைகையில், தம் கிழக்கால்கள் கல்லறைகளில் எத்தனை தரம் இடறிவிட்டன என்று நொந்துகொள்கிறார்.

இந்த வாசிப்பு நமக்கு அந்நியமானதன்று. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, ‘வாரல்’ என்று மறித்துக் கைகாட்டுவன போல மதிற்கொடிகள் அசைந்ததைத் தமிழ்ப் பாடத்தில் தற்குறிப்பேற்ற அணி என்று படித்த பிள்ளைக்கு, அது வரப்போகும் கொலையின் முன்னறிவிப்பு என்பதும் தெரியும். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ 1926இலேயே வெளிவந்துவிட்டது. தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பாடசாலையில் அடுத்தடுத்த வகுப்பறைகளில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதிருப்பது வருத்தத்துக்குரியது.

குறிப்புகள் அநேகமாக விட்டுவிடும் ஒரு பகுதியையும் சொல்ல வேண்டும். நான்காம் அங்கத்தின் முடிவில், யூலியட் இறந்துவிட்டாள் என்று வீடே ஒப்பாரி வைக்கிறது. மரணமே என் மருமகன் என்று தந்தை அரற்றுகிறார். அவள் உறங்குகிறாள் என்பது சபைக்குத் தெரியும். உடனடியாக, கலியாணத்துக்கு வந்த வாத்தியக்காரர்களும் வேலைக்காரன் பீற்றரும் உரைநடையில் பகிடிவிட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். துக்கத்துக்கு வருபவர்களுக்காகக் காத்திருந்து சாப்பிட்டுவிட்டே போவோம் என்று வாத்தியக்காரர்கள் தீர்மானிக்கிறார்கள். தேவையற்ற நகைச்சுவை என்று இதைத் தாண்டிப் போகாமல் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளை எழுப்பி உரக்க வாசிக்க விடுங்கள். முந்தைய ஒப்பாரி முழுவதும் உயிரோடிருப்பவளுக்காக வைக்கப்பட்டது என்பதும், உண்மையில் அவள் சாகும்போது அந்த அளவுக்கு அழ எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை என்பதும் வாசிப்பவர்களுக்கே புலப்படும்.