பாட்டு புதுசு, ஞாபகம் பழசு

புரட்டாசி நெருங்கினால் எங்கள் பக்கம் குலசை முத்தாரம்மன் பாட்டு ஆல்பங்கள் வரிசையாக இறங்கும். குலசேகரன்பட்டினம் 1986-லிருந்து தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. நேர்ந்துகொண்டு வேஷம் போடும் அந்த ஊர்த் தசரா மட்டும் இன்னமும் நெல்லைச் சீமை முழுவதற்கும் பொது. முன்பு கேசட், பிறகு சிடி, இப்போது யூடியூப். போன வருஷம் அப்படி இறங்கிய ஒன்றை அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் போட்டேன். அத்தை மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பாடகர் இன்னும் வாய் திறக்கவில்லை. தப்பட்டையும் உடுக்கையும் சேர்ந்த முதல் நாலு அடிதான் போயிருக்கும். பாதி உருட்டிய இலை அவள் விரலிடுக்கில் அப்படியே நின்றுவிட்டது.

"ஏல, இது உங்க தாத்தா காளி வேசம் போட்ட வருசம் படிச்ச பாட்டுல்லா?"

"இல்லத்த, இது வந்து நாலு நாள்தான் ஆகுது."

"சும்மா சொல்லாதல."

தாத்தா வேஷம் போட்டபோது அத்தைக்குப் பன்னிரண்டு வயது. இப்போது எழுபதை நெருங்குகிறாள். நாலு நாள் வயதான பாட்டு அவ்வளவு பழைய முடிச்சை எப்படி அவிழ்க்கும்?

மெட்டு என்று ஒன்று பிடிபட நாலைந்து சுரமாவது கடக்க வேண்டும். ஒலியின் நிறம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஒரே சுரத்தை நாதஸ்வரத்திலும் புல்லாங்குழலிலும் வாசித்தால் எது எதுவென்று சொல்லிவிடுகிறோமே, அந்த வித்தியாசத்தைத்தான் நிறம் என்கிறேன். க்ளென் ஷெல்லன்பெர்க் குழுவினர் 1999-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிரபலமான 5 பாடல்களிலிருந்து நொடியில் பத்தில் ஒரு பங்கே நீளமுள்ள துண்டுகளை வெட்டிப் போட்டு, எது எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். சோதனைக்கு வந்தவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்கள். துண்டைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியதும் தடுமாறினார்கள். உச்ச அதிர்வெண்களை நீக்கியபோதும் அதே கதை. தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கியபோது மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோயில் கொடைக்குப் பனைமரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் பேஸ் வராது. செல்போனிலும் வராது, தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அந்தச் சின்னத் தகட்டுக்கு அவ்வளவு திராணி கிடையாது. என் போன் தனக்குத் தெரியாமலே பழைய குழாய் ஸ்பீக்கராக வேலை பார்த்துவிட்டது என்று நினைக்கிறேன். இது ஆய்வு முடிவு இல்லை, என் ஊகம்.

அடுத்த வேலை ஹிப்போகேம்பஸுக்கு. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதி. ஒரு சம்பவத்தின் ஓசை, வாசனை, ஆள், இடம் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து வைப்பது அதுதான். சாக்குமூட்டைத் தையலில் சரியான நூல்முனை அகப்பட்டால் ஒரே இழுப்பில் வாய் முழுவதும் அவிழுமல்லவா? அப்படித்தான் இதுவும்: ஒரு துண்டு கிடைத்தால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். துண்டு எந்த வருஷத்தது என்று விசாரிக்காது. அத்தைக்கு வேர்வையில் வழிந்த சிவப்புச் சாயம் வந்தது, சடைமுடியின் கனம் வந்தது, சூரசம்காரம் பார்க்கப் போய்க் கடற்கரை மணலில் தூங்கிப்போனது வந்தது.

மூளையில் இதைப் பார்த்தும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ர் ஜனாட்டா 2009-ல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், பாட்டு சொந்த நினைவைக் கிளறும்போது நெற்றிக்குப் பின்னால் நடுவாக இருக்கும் முன்மூளைப் பகுதி விழித்துக்கொண்டது. பாட்டின் சுருதி நகர்வைப் பின்தொடர்ந்ததும் அதே பகுதிதான். பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள் மற்ற வயதுகளைவிடத் தடிப்பாகப் படியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மனசு ஏன் துள்ளுகிறது? கனடாவில் வலோரி சாலிம்பூர், ராபர்ட் ஜடோர் குழுவினர் 2013-ல் 19 பேருக்கு அவர்கள் கேட்டே இராத பாட்டுகளைப் போட்டு, வாங்க எவ்வளவு தருவீர்கள் என்று சொந்தக் காசில் கேட்டார்கள். அதிகம் தரத் துணிந்த பாட்டுகளின்போது, இன்பக் கணக்குப் பார்க்கும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் அதிகமாக வேலை செய்தது. ஒலியை வாங்கிப் பிரித்தறியும் மூளைப் பகுதியான செவிப்புறணியோடு அதன் தொடர்பும் இறுகியது. செவிப்புறணியில் இருப்பது நாம் ஆயுசு முழுக்கக் கேட்டதன் அச்சு. அதை வைத்து அடுத்த அடி இங்கே விழும் என்று மூளை பந்தயம் கட்டுகிறது. விழுந்தால் சந்தோஷம், கொஞ்சம் தள்ளி விழுந்து சமாளித்தால் இன்னும் சந்தோஷம். இதில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்கும் பங்கு உண்டு: 2019-ல் வந்த ஒரு ஆய்வில், அதைக் கூட்டும் மாத்திரை கொடுத்தபோது பாட்டின் சுகம் கூடியது, தடுக்கும் மாத்திரையில் குறைந்தது.

தசரா ஆல்பம் போடுகிறவர்களுக்கு இந்த ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை. அடி பழசு, வரி புதுசு, சரணத்துக்கு முன்னால் கீபோர்டில் ஒரு குறும்பு. "எல்லாம் ஒரே பாட்டு" என்று நானே கேலி செய்திருக்கிறேன். ஒரே பாட்டாக இருப்பதில்தான் பாதி வேலை நடக்கிறது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இலையை உருட்டி முடித்து நூலைச் சுற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளுக்கு வயது பன்னிரண்டு. "அடுத்த பாட்டு போடுங்கப்பா" என்றாள்.

"இதையே இன்னொரு மட்டம் போடுல" என்றாள் அத்தை.