பிரேக் பிடித்தால் பைக் ஏன் தலைகுனிகிறது?

பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்தான் ஃபோர்க். அதனுள் இருக்கும் ஆயிலைப் பல வருஷம் மறந்துவிட்டு ஒருநாள் மாற்றியவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். அழுகிய மீனும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி. என் 150 சிசி பைக்கின் ஃபோர்க்கைக் கவிழ்த்தபோது, ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டிய ஆயில், சாம்பல் கரைத்த தண்ணீராக ஒழுகியது. வாங்கி எட்டு வருஷம். எஞ்சின் ஆயிலை நாள் பார்த்து மாற்றியவன், இதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

தொட வைத்தது பிரேக். பஸ் ஸ்டாப் அருகே யாராவது குறுக்கே வந்து முன் பிரேக்கை அழுத்தினால், பைக் கும்பிடு போடுவது போலக் குனியும். கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். தெருமுனை மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "கெட்டியான ஆயில் ஊத்திடலாம் தம்பி, சரியாயிடும்" என்றார். ஊற்றினோம். குனிவது கொஞ்சம் மெதுவானது, நிற்கவில்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் மணிக்கட்டில் யாரோ சுத்தியலால் தட்டியது போல அடி விழுந்தது. முன்பு அது இல்லை.

அண்ணன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி தவறானது எப்படி என்று புரிய, குழாய்க்குள் இருக்கும் இரண்டு வேலைக்காரர்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்பிரிங், இன்னொருவர் ஆயில். ஸ்பிரிங்குக்குத் தூரம்தான் கணக்கு. எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு திருப்பித் தள்ளும், மெதுவாக அமுக்கினாலும் சரி, சட்டென்று அமுக்கினாலும் சரி. ஆயிலுக்கு வேகம்தான் கணக்கு; ஃபோர்க் அசையும்போது மட்டும் எதிர்க்கும், அசைவு நின்றால் அதன் எதிர்ப்பும் பூஜ்யம். பிரேக்கை இரண்டு விநாடி பிடித்தால் பைக் குனிந்த நிலையிலேயே நிற்கிறது. அங்கே எடையைத் தாங்குவது முழுக்க ஸ்பிரிங்தான். எவ்வளவு கெட்டியான ஆயில் ஊற்றினாலும் அது போய்ச்சேரும் ஆழம் மாறாது, போய்ச்சேரும் நேரம்தான் மாறும்.

சரி, அந்த ஆழத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பைக்கும் ஆளும் சேர்ந்து 220 கிலோ என்று வையுங்கள். முன் சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 100 கிலோ விழும். அதில் சக்கரம், பிரேக் டிஸ்க், ஃபோர்க்கின் பாட்டம் கேஸ் (கீழ்ப்பாதிக் குழாய்) இவையெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அந்த 20 கிலோவைக் கழித்தால் 80. ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 40 கிலோ சுமக்கிறது. இப்போது நல்ல பிரேக், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 மடங்கு. எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், சக்கரங்களுக்கு இடையே 132 செ.மீ. என்றால், பின்னாலிருந்து முன்னால் பாயும் எடை 60 கிலோ. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் இன்னும் 30. ஃபோர்க் சாய்வாக இருப்பதால் பிரேக் விசையின் ஒரு பங்கும் சேர்ந்து அமுக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன்.

ஃபோர்க்கின் மொத்த ஓட்டம், அதாவது அது அமுங்கக்கூடிய தூரம், 120 மி.மீ. என்று கொள்வோம். ஒரு மி.மீ. அமுக்க அரை கிலோ கேட்கும் மெல்லிய ஸ்பிரிங் உள்ளே இருந்தால், அந்த 30 கிலோ அதை 60 மி.மீ. இறக்கிவிடும். ஆள் உட்கார்ந்ததிலேயே 37 மி.மீ. போயிருந்தால் மொத்தம் 97. மிச்சம் 23 மி.மீ. அந்த நேரத்தில் சக்கரம் ஒரு குழியின் விளிம்பில் ஏறினால் 'டக்'. அதே இடத்தில் 0.7 கிலோ கேட்கும் ஸ்பிரிங் இருந்தால் பிரேக்குக்கு இறங்குவது 43 மி.மீ.தான். மிச்சம் 40. கிட்டத்தட்ட இருமடங்கு இடம்.

இங்கேதான் பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கிப் பூட்டுவது பற்றிய பெரிய குழப்பம் வருகிறது. ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு பிவிசி பைப் துண்டோ நாலு வாஷரோ போட்டு இறுக்கி மூடினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. பிரீலோட் பைக் நிற்கும் உயரத்தை மாற்றும், அவ்வளவுதான். மேலே சொன்ன அரை கிலோ ஸ்பிரிங்கை 43 மி.மீ. முன்கூட்டியே அமுக்கிப் பூட்டினாலும், 0.7 ஸ்பிரிங்கை 20 மி.மீ. அமுக்கிப் பூட்டினாலும், ஆள் உட்காரும்போது இரண்டும் ஒரே 37-இல்தான் நிற்கும். கடையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிரேக் பிடிக்கும்போதுதான் யார் எவர் என்று தெரியும்.

ஸ்பிரிங்கின் உண்மையான விறைப்பு மூன்றைப் பொறுத்தது: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை. தடிமன் நான்காம் அடுக்கில் வருகிறது. 4 மி.மீ. கம்பிக்குப் பதில் 4.4 மி.மீ. கம்பி என்றால் கூடியது பத்தில் ஒரு பங்குதான். விறைப்பு 46 சதவீதம் ஏறும். சுருள்களைக் குறைத்தாலும் விறைப்பு கூடும். 40 சுருளில் 8-ஐ வெட்டிவிட்டால் கால் பங்கு அதிகம். சில பட்டறைகளில் இப்படி வெட்டி, குறைந்த நீளத்துக்குக் குழாய்த் துண்டு வைப்பார்கள். இயற்பியல் சரிதான். ஆனால் வெட்டிய முனை சமமாகத் தேய்க்கப்படாமல் குழாயைச் சுரண்டும், கடைசியில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி ஆயில். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பைக் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். குழாய்க்குப் பதில் சட்டம் வைத்த பழைய கர்டர் ஃபோர்க் வண்டிகளில் இந்த ஆட்டத்தை அடக்க உராய்வுத் தட்டுகள் இருந்தன. ஓட்டுபவர் கையால் ஒரு குமிழைத் திருகி இறுக்கிக்கொள்வார். 1935-இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களுக்குள்ளேயே ஆயிலை அடைத்து அடக்கும் ஃபோர்க்கைப் போட்டு விற்பனைக்கு இறக்கியது. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரண பைக்குகளில் பெரும்பாலானவை அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான். 1955 முதல் மெட்ராஸில் தயாரான புல்லட்டிலும் இப்படிக் குழாய்க்குள் குழாய் நுழையும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்தான் இருந்தது.

உள்ளே இருப்பது எளிமையான சாமான். பாட்டம் கேஸின் அடியில் போல்ட் போட்டு நிறுத்திய ஓர் உள்ளீடற்ற ராடு, அதாவது டேம்பர் ராடு. அதன் தலையில் ஒரு வளையம், மேலிருந்து வரும் ஃபோர்க் பைப்பின் உட்சுவரோடு உரசி நிற்கும். ராடின் கீழ்ப்பகுதியில் சில துளைகள், மேலே தலைக்கருகே ஓரிரு சிறு துளைகள். சக்கரம் மேலேறும்போது அடியில் உள்ள ஆயில் கீழ்த்துளைகள் வழியாக ராடுக்குள் பிதுங்கி மேலே போகிறது. ராடுக்கும் பைப்புக்கும் இடையே உள்ள வளைய இடத்துக்குள் ஒருவழி வால்வு வழியே இன்னொரு பங்கு ஆயில் தாராளமாகப் புகுகிறது. ஃபோர்க் திரும்பி நீளும்போது அந்த வால்வு மூடிக்கொள்ளும். சிக்கிய ஆயில் மேலே உள்ள சின்னத் துளைகளில் நெருக்கியடித்துத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் அமுங்குவதைவிட எழுவது நிதானமாக இருக்கிறது. மெக்கானிக்குகள் ரீபவுண்ட் என்பது இதைத்தான்.

இந்த அமைப்பின் பலவீனம் அந்தக் கீழ்த்துளைதான். கிணற்றில் குதிப்பவர்களுக்கு விஷயம் தெரியும்: படியில் மெல்ல இறங்கினால் தண்ணீர் வழிவிடும், உயரத்திலிருந்து வயிறு படக் குப்புற விழுந்தால் அதே தண்ணீர் கல்லாக அடிக்கும். துளை வழியே ஓடும் திரவத்தின் எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. பிரேக்கில் குனியும்போது ஃபோர்க் அசைவது விநாடிக்குப் பத்து இருபது செ.மீ. வேகத்தில். குழி விளிம்பில் மோதும்போது அது விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். குனிவதை அடக்கும் அளவுக்குத் துளையைச் சிறிதாக்கினால் குழியில் ஃபோர்க் இரும்புத் தடியாகிவிடும். குழிக்குத் தக்கபடி பெரிதாக்கினால் பிரேக்கில் தொளதொள. தயாரிப்பவர்கள் நடுவில் ஏதோ ஓரிடத்தில் சமரசம் செய்துகொள்கிறார்கள். கெட்டி ஆயில் ஊற்றியபோது நான் அந்தச் சமரசத்தை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தேன். மணிக்கட்டு வலி அதன் விலை.

இன்னொரு தொல்லையும் வந்தது. நெடுஞ்சாலையில் சந்திப்புக்கு முன் வரிசையாகத் தடித்த வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்களே, அதில் பைக் முதல் பட்டையைவிட ஐந்தாவது பட்டையில் மோசமாக உதைத்தது. கெட்டி ஆயில் மேல்த்துளையிலும் மெதுவாகத்தானே போகும்? பட்டைகளுக்கு நடுவே ஒரு மீட்டர், வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால், ஃபோர்க் மீண்டும் நீளக் கிடைப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முழுதாக நீளும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, ஐந்தாவதுக்கு ஓட்டமே மிச்சமில்லை.

துளைக்கு மாற்று என்ன? வேகத்துக்குத் தக்கபடி தானே அகலும் துளை. விலை அதிகமான வண்டிகளில் வரும் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் அதைத்தான் செய்கிறது: பிஸ்டனின் துளைகளை மூடியபடி மெல்லிய எஃகு வில்லைகள் அடுக்காக இருக்கும், ஆயில் வேகமாகத் தள்ளினால் அவை வளைந்து வழிவிடும். பழைய ஃபோர்க்குக்கு இதையே மலிவாகக் கொடுக்கும் சாமான் ஒன்று உண்டு, எமுலேட்டர் என்பார்கள். ரேஸ் டெக் நிறுவனத்தின் 'கோல்டு வால்வு' இதில் பேர்போனது. டேம்பர் ராடின் தலைமேல் வைத்து, மெயின் ஸ்பிரிங்கே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சின்னக் கசிவுத்துளை ஒன்று மெதுவான அசைவைப் பார்த்துக்கொள்ளும். வேகம் கூடினால் குட்டி ஸ்பிரிங்கோடு இருக்கும் வால்வுத் தட்டு மேலெழும்பி வழிவிடும். அது வேலை செய்ய, ராடின் பழைய கீழ்த்துளைகளைப் பெரிதாகத் துளைத்து அவற்றின் எதிர்ப்பை ஒழித்துவிட வேண்டும். துளைத்ததைத் திரும்ப அடைக்க முடியாது, அதனால் ஒரு பழைய ராடு ஜோடி கிடைத்தால் அதில் கைவைப்பது நல்லது. அமுங்குவதை வால்வு கவனித்துக்கொள்ளும். ரீபவுண்ட் மட்டும் பழையபடி மேல்த்துளையிடமும் ஆயிலின் கெட்டித்தனத்திடமும்தான்.

தலைகீழ் ஃபோர்க் பற்றியும் கேட்பார்கள். தங்க நிறத்தில் பார்க்க அழகு. தடித்த குழாய் மேலே இருப்பதால் பிரேக்கில் வளைவது குறைவு, அது உண்மை. ஆனால் ஆயில் எப்படி ஓடுகிறது என்பது உள்ளே இருப்பதைப் பொறுத்தது. குழாயைக் கவிழ்த்து வைத்ததால் மட்டும் ஓட்டம் மென்மையாகிவிடாது.

ஆயில் டப்பாவில் உள்ள '10 டபிள்யூ' என்ற எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். ஃபோர்க் ஆயிலில் அது கண்டிப்பான அளவுகோல் இல்லை. ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 15-க்கு அருகில் இருக்கும். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தனத்தின் அலகு) என்று பின்பக்கம் போட்டிருந்தால் அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஊற்றும் அளவும் ஒரு டியூனிங்தான். ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்று இரகசியமாக மூன்றாவது ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள்: முதல் பாதி சுலபம், கடைசியில் கல். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது உள்ளே காற்றின் இடம் பாதிக்கும் கீழே சுருங்கலாம், அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டும். ஆயில் மட்டத்தை 10 மி.மீ. ஏற்றினால் ஓட்டத்தின் முதல் பகுதியில் ஒன்றும் தெரியாது, கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் தெரியும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி வைத்து, பைப்பின் விளிம்பிலிருந்து ஆயில் வரை அளப்பதுதான் முறை. மேல் போல்ட்டைக் கழற்றும்போது முகத்தை நேராக வைக்காதீர்கள். அடியில் அமுங்கிய ஸ்பிரிங் இருக்கிறது.

இத்தனைக்கும் முன்னால், காசில்லாமல் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியில்தான் கற்றேன். சக்கரத்தை மாட்டி ஆக்சிலை எல்லாப் பக்கமும் ஒரேயடியாக இறுக்கினால் இரண்டு கால்களும் இம்மி கோணலாகப் பூட்டிக்கொள்ளும். பைப் உள்ளே உரசும். ஆக்சில் நட்டை இறுக்கி, பக்கத்தில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்வாக விட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி நாலைந்து தடவை அமுக்கி எழுப்பிவிட்டு, அப்புறம் போல்ட்டை இறுக்க வேண்டும். என் பைக்கில் பாதி முரட்டுத்தனம் இதிலேயே போய்விட்டது. ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலில் ஆயில் கசிந்தால்கூட உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி சீலின் உதட்டுக்குள் விட்டுச் சுற்றினால், சில நேரம் சிக்கிய மணல் வெளியே வந்து கசிவு நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் ஓட்டாதீர்கள், அது வழிந்து சேரும் இடம் பிரேக் டிஸ்க்.

அளவெடுக்க நான் ஃபோர்க் பைப்பில் ஒரு கேபிள் டை கட்டியிருக்கிறேன். ஃபோர்க் அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளும், இறங்கும்போது அது அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு ஓட்டம் செலவானது என்று ஸ்கேல் வைத்துப் படித்துவிடலாம். மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்து, "என்ன தம்பி, ஃபோர்க்குக்குக் காப்புக் கட்டிருக்கீங்க?" என்றார். விளக்கினேன். இந்த முறை அவரே 0.7 ஸ்பிரிங் ஒரு ஜோடி தேடித் தந்தார். கெட்டி ஆயிலை வடித்துவிட்டுக் கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றினோம்.

அதே பஸ் ஸ்டாப், அதே பிரேக். டை 86-இல் நின்றது. அடுத்த மூன்று வாரமும் 90-ஐத் தாண்டவில்லை. மழை பெய்த ஒரு மாலை மட்டும் தண்ணீர் மூடிய குழி ஒன்றில் இறங்கி 117 காட்டியது. வீட்டுக்கு வந்து, மேல் போல்ட்டைக் கழற்றி, சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு காலிலும் 6 மில்லி ஆயில் கூட ஊற்றி மூடினேன்.